பன்னிரண்டாம் அத்தியாயத்தில் உதிர்ந்த ழகரம்

1

கீழே உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். தலை என்னுடையதுதான், இரவல் வாங்கியதில்லை. இதில் ஒரே ஒரு பொய்யைக் கண்டுபிடிப்பவர் நேரில் வந்து என்னைத் திட்டலாம். முகவரி மட்டும் தர மாட்டேன்.

கதை வந்த வழியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பார்சலும் ஒரு கடித உறையும் வந்தன. பார்சலில் ஒரு சோப்பு டப்பாவும் பதினான்கு பக்கக் கடிதமும். உறையில் ஒன்பது பக்கம். எழுதியவரே சிவப்பு மையில் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர் கதவு. ஒருத்தி எழுதியது இன்னொருத்திக்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தக் கதை.

ஊரில் இத்தனை பேர் இருக்க எனக்கு ஏன் எழுதினார்கள் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மாலை வெயில் பிளாஸ்டர் தூசியில் பொன்னாக இறங்கிய அந்த" (வேண்டாம். பிளாஸ்டர் தூசி எந்த வெயிலிலும் வெள்ளைதான்.)

அடுத்து: "குரல் என்பது உடம்பில்லாத ஒரு" (ஒரு என்ன? இரண்டு நாள் யோசித்தேன். விட்டுவிட்டேன்.)

மூன்றாவது: பல்லக்கா இடது காதில் மட்டும்தான் கதை கேட்பாள்.

இது நிற்கும். காரணமும் உடனே சொல்லலாம்: வலது காது மோட்டாருக்கு. பல் மருத்துவமனையின் பின்னறையில் அவளுக்கு வேலை. டாக்டர் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு மெழுகில் பல் அடுக்கி, பல்செட் வார்த்து, மோட்டாரில் மெருகேற்றித் தருவாள். மெருகுச் சக்கரத்தின் சத்தம் மாறினால் செட் சூடேறுகிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு காதைக் காலியாக வைத்தாக வேண்டும். பல்லுக்கு அக்கா, ஆகவே பல்லக்கா. சொந்தப் பெயரில் கூப்பிட்டால் மறுபடி ஒரு தடவை கூப்பிட வேண்டியிருக்கும்.

இருபத்தைந்து வருடம் அந்த மோட்டாரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவளுக்கு, மூன்று வருடங்களுக்கு முன் போனில் ஒலிப்புத்தகம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து அவள் கை செய்யும் எந்த வேலையும் தனியாக நடந்ததில்லை. பாத்திரம் தேய்க்கத் துப்பறியும் கதை. துணி மடிக்கக் காதல் கதை, ஆனால் போர்வை மடிக்க மட்டும் சரித்திரக் கதை, அது நீளம். பேருந்துக்கு நிற்கும்போது சிறுகதை. பேருந்து சீக்கிரம் வந்துவிட்டால் ஏற மாட்டாள்.

பல் அடுக்கும்போது மட்டும் சோகக் கதை கிடையாது. ஒரு தடவை கேட்டுவிட்டாள். கதாநாயகி இறக்கும் அத்தியாயத்தில் ஒரு மேல்தாடைக்கு முன்பல் ஆறையும் அடுக்கினாள். அந்த செட்டைப் போட்டுக்கொண்ட மனிதர், பேரன் பிறந்த செய்தியைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்குங்க" என்றார்கள்.

[அடிக்குறிப்பு: இது கட்டுக்கதை என்று நினைப்பவர்களுக்கு. அந்த மனிதர் நன்றாக இருக்கிறார். சிரிப்பதை மட்டும் குறைத்துக்கொண்டார்.]

3

தனக்குப் பிடித்ததை அடுத்தவர் காதில் ஏற்றாமல் பல்லக்காவால் இருக்க முடியாது. டாக்டர் நோயாளியின் வாய்க்குள் அளவு மாவை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்வார். அந்த ஐந்து நிமிடத்தில் பல்லக்கா உள்ளே வருவாள்.

"துப்பறியும் கதை பிடிக்குமா? பிடிக்கும். முகத்தைப் பாத்தாலே தெரியுது. போனைக் குடுங்க, நானே ஏத்தி விடறேன்."

வாய் நிறைய மாவு இருக்கும்போது யாரும் மறுத்ததில்லை. கட்டட வாட்ச்மேனுக்கு ஒரு பேய்க்கதை சொன்னாள். அவர் பட்டப்பகலில்கூட பின்பக்கப் படிக்கட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் மறுவாரம், "அதே மாதிரி இன்னொண்ணு இருக்காம்மா?" என்று கேட்டார்.

யாருக்கும் மசியாத ஒரே ஆள் எதிர்வீட்டுக்காரி. நாற்பது வருடம் அச்சகங்களுக்குப் பிழை திருத்தியவள். ஒற்றெழுத்து விட்டுப்போன பலகை தொங்கும் கடையில் சாமான் வாங்க மாட்டாள். சந்திப்பிழை, சந்திப்பிழை என்று எல்லாரையும் விரட்டியதில் அவளுக்கே சந்தி என்று பெயர் நிலைத்துவிட்டது.

"புத்தகத்தைக் காதால கேக்கறதா? சாப்பாட்டை மோந்து பாத்துட்டுக் கை கழுவற மாதிரி இருக்கு," என்பாள்.

"கை கழுவும்போதும் கேக்கலாம்டி, அதானே விசேஷமே."

அப்புறம் சந்தியின் வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. நாற்பது நாள் அச்செழுத்தைப் பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. விடுவது பல்லக்கா, பல்லுக்கு நடுவே மயிரிழை பார்த்துப் பழகிய கை. இரண்டாம் நாளே சந்தி மருந்துப் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் பல்லக்கா ஒன்றும் கேட்காமல் அவள் காதில் இயர்போனைச் செருகி, தனக்கு உயிரான தொடர்கதையை ஓடவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அத்தியாயம் வரும். புத்தகமாக அச்சானதே இல்லை, காதுக்கென்றே எழுதியது. ஒரு பெரியவர், ஒரு வீடு, இரண்டு மகள்கள், ஒரு உயில், ஒரு கிளி. பிரமாதமான கதை.

[அடிக்குறிப்பு: பிரமாதம் என்று சொன்னது பல்லக்கா. நான் வெறுமனே எடுத்து எழுதுகிறேன்.]

சந்தி பதினோரு அத்தியாயத்தை ஒரே மூச்சில் கேட்டாள். பன்னிரண்டாவதில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மளைங்கறான்!"

"என்னது?"

"மழையை மளைங்கறான். வாழைப்பழத்தை வாளப்பளம்ங்கறான். போன அத்தியாயம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்?"

அதன்பின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போனை நிறுத்தி, "மழை, ழ, ழ" என்று போனுக்குப் பாடம் எடுத்தாள். போன் பணிவாக, "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. ஆனாலும் இருபதாம் அத்தியாயம் வரை கேட்டுத் தீர்த்தாள். கேட்டதை ஒப்புக்கொள்ளத்தான் மாட்டாள்.

4

இருபதாம் அத்தியாயத்தின் முடிவு இது. பெரியவர் சாகக் கிடக்கிறார். மூத்த மகள் கையில் உயில். ஜன்னலோரம் கிளிக்கூண்டு. பெரியவர் விரலை நீட்டுகிறார். விரல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கடைசியாக ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். அதைக் குரல் இப்படி வாசித்தது: "கிளி."

மறுவாரம் அத்தியாயம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வாசிப்பவருக்குத் தொண்டை சரியில்லை என்று அறிவிப்பு வந்தது. தொண்டை சரியாகும் வரை இரண்டு பெண்களும் என்ன செய்வார்கள்?

"மேல பாரு. கண்ணை மூடாதே," என்றாள் பல்லக்கா, சொட்டு மருந்தோடு.

"மூடலை. பாவம், உயிலைக் கிழின்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"எங்க கிழின்னார்? கிளின்னார். சொத்து கிளிக்குத்தான்."

"ஏண்டி, சாகற நேரத்துல மனுஷன் பறவை பேரையா சொல்வான்?"

"ஏன், அந்தக் கிளி மட்டும்தானே பதினேழு அத்தியாயமா அவர்கிட்ட அன்பா பேசுது?"

"இந்த ஆளு கிழவியைக் கிளவிங்கறார். இவர் கிளின்னா அது கிழி. நாப்பது வருஷம் பிழை பாத்தவ சொல்றேன்."

"அப்ப கூண்டுல இருக்கறது என்ன? பச்சைக் கிழியா?"

இதுவரை விளையாட்டுதான். அடுத்தது இல்லை.

"அந்த ஆளுக்கு நாக்கு ரெண்டு அங்குலம் குட்டை," என்றாள் சந்தி. "அவனுக்குப் போய் வக்காலத்து வாங்கறே."

"நாக்குல கோளாறு இல்ல. பல்லுல."

"உனக்கு எதைப் பாத்தாலும் பல்லு."

"உனக்கு எதைப் பாத்தாலும் தப்பு. அதனாலதான் உன்கூட மனுஷங்க யாரும் தங்கலை."

இந்த இடத்தில் எனக்குப் பல்லக்காவின் மேல் சந்தேகம் வந்தது. இவள் இப்படிச் சொல்லக்கூடியவளா? அந்த வரியை எடுத்துவிட்டு, "அவள் கோபமாக ஏதோ சொன்னாள்" என்று மாற்றிப் பார்த்தேன். கதை நொண்டியது. தவிர, கடிதத்தின் ஒன்பதாம் பக்கத்தில் அவளே அதை எழுதியிருக்கிறாள். அந்த ஒரு வரியில் மட்டும் எழுத்து எறும்பாகச் சிறுத்துவிட்டது. ஆகவே வரி இருக்கட்டும்.

பேச்சு நின்றது. சொட்டு மருந்து நிற்கவில்லை. நான்கு வேளையும் பல்லக்கா வருவாள், சந்தி அண்ணாந்து உட்காருவாள், இரண்டு சொட்டு விழும், கதவு மூடும். ஒரு நாள் அண்ணாந்தபடியே சந்தி போனில் பேசுவது பல்லக்காவுக்குக் கேட்டது.

"சரிடா தம்பி. இந்த ஞாயித்துக்கிழமை வேணாம், அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வா. அந்த ரூம் சும்மாதானே கெடக்குன்னே. வந்துடறேன்."

"நிஜமாவாக்கா? சாமானெல்லாம்?"

"ஒரு பெட்டிதான்டா. மிச்சமெல்லாம் புத்தகம். அதுங்களைப் பாக்கத்தான் கண்ணில்லையே."

பரண்மேல் இருந்த பெட்டி கட்டிலுக்குக் கீழே இறங்கியிருந்தது. பல்லக்கா அன்று இரண்டோடு நிற்காமல் மூன்றாவது சொட்டையும் விட்டுவிட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கை செய்த முதல் பிழை. சந்தி அதைத் திருத்தவில்லை.

5

சொன்னபடி சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர்கதையை எழுதியவன் நான். வாசித்தவனும் நான். ஒலிப்புத்தக நிறுவனம் சின்னது. அதன் ஒலிப்பதிவு அறை, கோட்டுகள் தொங்கும் ஒரு அலமாரி. கோட்டுகளுக்கு நடுவே நின்று வாசிப்பேன், எதிரொலி வராது.

பதினோராம் அத்தியாயத்துக்கும் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கும் இடைப்பட்ட வாரத்தில்தான் எனக்கு மேல்தாடைக்குப் பல்செட் போட்டார்கள். போட்டவர் ஒரு கத்துக்குட்டி. பல்லக்கா இதை என்னைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாள். அவள் விளக்கத்தை அப்படியே தருகிறேன், இதைவிடத் தெளிவாக எந்த இலக்கண ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை: ழகரத்துக்கு நாக்கு மடிந்து அண்ணத்தை நெருங்க வேண்டும், தொடக் கூடாது. செட்டின் தகடு தடித்திருந்தால் நெருங்குவதற்குள் இடித்துவிடும். இடித்தால் ளகரம்.

அப்படியானால் பெரியவர் சொன்னது எந்தச் சொல் என்று எனக்காவது தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? தெரியாது. நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்ளும். அதுதான் என் கையெழுத்துப் பிரதி. எடுத்துப் பார்த்தேன். அங்கே கிளியும் இல்லை, கிழியும் இல்லை. "கிலி" என்று இருந்தது. புது செட்டோடு நான் பேசியதைக் கேட்டுப் போனுக்கு அது பிடித்திருக்க வேண்டும். தொண்டை சரியில்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். மேலே எப்படி எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

6

இதற்குள் பல்லக்கா ஒரு வேலை செய்தாள். நம்பினால் நம்புங்கள்.

பன்னிரண்டிலிருந்து இருபது வரையிலான அத்தியாயங்களை அரை வேகத்தில் ஓடவிட்டாள். அரை வேகத்தில் கேட்டால் ஒரு மனிதனின் வாய்க்குள் விளக்குப் பிடித்துக்கொண்டு நடக்கலாமாம். தகரம் வரும் இடத்தில் முன்பல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டாள். பகரத்தில் உதட்டின் உயரம். சகரத்தில் லேசாக விசில் அடித்தது, ஆக நடுவில் ஒரு சந்து. பதினாறாம் அத்தியாயத்தில் நான் எச்சில் விழுங்கியதை வைத்து அண்ணத்தின் குழிவை எடுத்தாள். அச்சில்லை, அளவில்லை, ஆளில்லை. வெறும் காது. நான்கு நாளில் ஒரு மேல்தாடை செட்டைச் செய்து, மெருகேற்றி, சோப்பு டப்பாவில் வைத்து நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பிவிட்டாள். கூடவே குறிப்பு: "முதல் மூணு நாள் கெட்டியா எதையும் கடிக்காதீங்க."

டப்பாவைத் திறந்து செட்டை வாயில் வைத்தேன். "கிளிக்" என்று உட்கார்ந்தது. (அது ளகரமா ழகரமா என்று என்னைக் கேட்காதீர்கள்.) கண்ணாடி முன் நின்று, "ஏழு கிழவர் வாழைத் தோட்டத்தில் மழையில் விழுந்து அழுதனர்" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டுக்காரர், "ஐயோ, யாருக்கு என்னாச்சு?" என்று பதறி ஓடிவந்தார். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம்.

7

இனி அந்த இரண்டு கடிதங்களின் கடைசிப் பக்கம்.

பல்லக்கா எழுதியது: "ஐயா, இந்த செட்டைப் போட்டுக்கிட்டு, அடுத்த அத்தியாயத்துல அந்தச் சொல்லை இன்னொரு தடவை வாசிங்க. கிழின்னு, ழகரம் நல்லா விழற மாதிரி. அது நெசமாவே கிளியா இருந்தாலும் பரவாயில்லை, கிழின்னே சொல்லிடுங்க. எதிர்வீட்டுல ஒருத்தி பெட்டி கட்டிட்டா. அவ ஜெயிச்சா போக மாட்டா. தோத்துட்டோம்னு நினைக்கறவங்கதான் கெளம்பிப் போவாங்க. நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க எனக்கு வேற வழி தெரியலை."

சந்தி எழுதியது: முதல் எட்டுப் பக்கமும் என் உச்சரிப்புப் பிழைகள், நாற்பத்து மூன்று, நிமிடம் விநாடி சகிதம். ஒற்றைக் கண்ணால் எழுதியதால் வரிகள் மாடிப்படி ஏறிக்கொண்டே போயின. கடைசியாக நாற்பத்து நான்காவது: "கிளி" என்று எழுதி, சிவப்பு மையில் அடித்து, அடித்ததன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருந்தாள். பிழை திருத்துகிறவர்கள் அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்தால், அடித்தது தவறு, அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். "என் வேலையில் இந்தப் புள்ளியை நான் ஒரு தடவையும் வைத்ததில்லை. நான் அடித்தது அடித்ததுதான். இதற்கு மட்டும் வைக்கிறேன். கிளி என்றே வாசியுங்கள். எனக்கு நான்கு வேளை சொட்டு விடுகிற ஒருத்தி அப்படித்தான் கேட்டாள். அவள் காது சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நான் ஊருக்குப் போவதற்குள் இது நடக்க வேண்டும். அவளிடம் சொல்ல வேண்டாம்."

இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தொடர்கதையில் இப்படி ஒரு அத்தியாயம் கிடையாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. வியாழக்கிழமை ஒலிப்பதிவு. வெள்ளிக்கிழமை ஒலிபரப்பு. ஞாயிற்றுக்கிழமை தம்பியின் வண்டி.

8

முடிவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) நான் "கிளி" என்கிறேன். பல்லக்கா ஜெயிக்கிறாள். ஜெயித்த அதிர்ச்சியில் அடுக்கிக்கொண்டிருந்த பல்வரிசை கைதவறிக் கலைகிறது. சந்தி, "நீ சொன்னதுதாண்டி சரி" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அதே சந்தோஷத்தோடு வண்டியில் ஏறிப் போய்விடுகிறாள். (கிழித்துவிட்டேன். தாளைச் சொல்கிறேன்.)

(ஆ) நான் "கிழி" என்கிறேன். சந்தி ஜெயிக்கிறாள். பெட்டி பரணுக்கு ஏறுகிறது. ஆனால் ஜெயித்ததைக் காலை மாலை இரு வேளையும் சொல்லிக்காட்டுகிறாள். மூன்றாவது வாரம் பல்லக்கா தன் பெட்டியைக் கீழே இறக்குகி (இதுவும் சரிப்படாது.)

(இ) வெள்ளிக்கிழமை. நான்காவது வேளை சொட்டு. பல்லக்கா ஒரு முனையைத் தன் இடது காதிலும் மறுமுனையைச் சந்தியின் வலது காதிலும் செருகுகிறாள். ஒயர் குட்டை, தலைகள் முட்டிக்கொள்கின்றன.

"தள்ளி உக்காரேன்டி," என்கிறாள் சந்தி, இத்தனை நாளுக்குப் பிறகு.

"தள்ளினா உனக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்காட்டி என்ன, உனக்குத்தானே உயிர்."

அத்தியாயம் ஓடுகிறது. மூத்த மகள் நினைத்துப் பார்க்கிறாள்: அப்பா கடைசியாகச் சொன்னது என்ன? என் குரல் மூச்சை இழுக்கிறது.

"கிழி!" என்று கத்துகிறாள் பல்லக்கா.

"கிளி!" என்று அதே நொடியில் கத்துகிறாள் சந்தி.

நான் சொன்னது இருவருக்கும் கேட்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள். திருப்பிப் போட்டுக் கேட்க ஒரு விரல் போதும். யாரும் விரலை நீட்டவில்லை. சந்தி, "இன்னும் பதினாலு நாள் சொட்டு பாக்கி இருக்கு," என்கிறாள். "தம்பிக்குக் கை நடுங்கும்."

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த அறைக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் வரவே இல்லை. சேர்ந்திருப்பவர்களும் எழுத மாட்டார்கள், பிரிந்துபோனவர்களும் எழுத மாட்டார்கள்.

சரி, கோட்டுகளுக்கு நடுவே நின்று நான் வாசித்தது எந்தச் சொல்? இதோ எழுதுகிறேன்: கி__.

மீதி எழுத்தை நான் போடப் போவதில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு அண்ணத்தை நெருங்கி நின்றதா, தொட்டதா என்று பாருங்கள். அதன்பிறகு பெட்டியைப் பரணுக்கு ஏற்றுவதோ வண்டிக்கு இறக்குவதோ உங்கள் வேலை.

என் வாயில் உள்ள முப்பத்திரண்டும் சொந்தப் பல்.